ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழாவில் பத்து நாள் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடை வந்தாலே யாராவது கேட்பார்கள்: "ஸ்டர்ஜிஸ்ல பத்து நாள் வேலை பார்த்தா நல்ல காசாமே, எப்படிப் போறது?" கேட்பவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, லீவு போட்டு வித்தியாசமாக ஏதாவது செய்துபார்க்க நினைக்கும் ஆபீஸ்காரர்களும் உண்டு. பக்கத்து நகரமான ராப்பிட் சிட்டியில் குடியிருந்த காலத்தில் ஸ்டர்ஜிஸ் திருவிழாவில் பார்க்கிங்கிலும் உணவுக் கூடாரத்திலும் நின்றவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மற்றதை எப்படி வேண்டுமானாலும் படியுங்கள், விசா பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

ஸ்டர்ஜிஸில் அப்படி என்ன நடக்கிறது? ஏன் இவ்வளவு ஆள் தேவை?

தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்கே, பிளாக் ஹில்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர் ஸ்டர்ஜிஸ். மக்கள்தொகை சுமார் 7,000. ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை தொடங்கிப் பத்து நாள் அங்கே மோட்டார் சைக்கிள் திருவிழா. 1938-ல் ஜாக்பைன் ஜிப்ஸீஸ் என்ற உள்ளூர் கிளப் நடத்திய பந்தயத்தில் தொடங்கியது இது. இண்டியன் பைக் விற்றுக்கொண்டிருந்த கிளாரன்ஸ் ஹோயல் முன்நின்று நடத்தினார். ஒன்பது பேர் ஓட்டினார்கள். இப்போது சாதாரண வருடத்திலேயே நான்கைந்து லட்சம் பேர் வருகிறார்கள். 75-ஆவது திருவிழா நடந்த 2015-ல் வந்தவர்கள் 7,39,000 பேர் என்பது நகராட்சியின் மதிப்பீடு.

ஊரில் உள்ள குழந்தை குட்டி எல்லோரும் இறங்கி வேலை பார்த்தாலும் இந்தக் கூட்டத்துக்குக் காணாது. போதாக்குறைக்கு, உள்ளூர்க்காரர்கள் பலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அந்தப் பத்து நாளும் வெளியூர் போய்விடுவார்கள். பார், கேம்ப்கிரவுண்ட், உணவுக் கடை, டி-ஷர்ட் கடை, ஹோட்டல், நகராட்சி என எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுகிறார்கள்.

நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். வேலை செய்யலாமா?

பெரும்பாலும் முடியாது. எஃப்-1 விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய சிபிடி அல்லது ஓபிடி எனப்படும் பயிற்சி வேலை அனுமதி வேண்டும், அந்த வேலை உங்கள் படிப்போடு தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர் பீர் ஊற்றுவதை எந்த அதிகாரியிடமும் படிப்போடு தொடர்புபடுத்த முடியாது. ஒரு விலக்கு இருக்கிறது: கடுமையான பணநெருக்கடியைக் காட்டிக் குடியேற்றத் துறையிடமிருந்து வேலை அனுமதி அட்டை பெற்றவர்கள் எந்த வேலையும் பார்க்கலாம், விடுமுறையில் முழுநேரமாகவும் பார்க்கலாம். அந்த அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஸ்டர்ஜிஸுக்காக விண்ணப்பிக்கிற விஷயம் இல்லை அது.

"கேஷ்தானே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். மாட்டிக்கொண்டால் விசா நிலையே போய்விடும், பிறகு ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று ஒவ்வொரு படியிலும் "அனுமதியின்றி வேலை செய்தீர்களா?" என்ற கேள்வி வரும். ஆயிரம் டாலருக்கு இது தேவையில்லை.

மற்ற விசாக்காரர்கள்?

அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் தடை எதுவும் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் தாராளமாகப் போகலாம். ஹெச்-1பி வைத்திருப்பவர் விசா எடுத்துக் கொடுத்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்ய முடியும். வார இறுதியில் பக்க வேலை என்றாலும் கூடாது. அவருடைய ஹெச்-4 துணைவருக்கு வேலை அனுமதி அட்டை கையில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் முடியாது. நிறுவன இடமாற்றத்தில் எல்-1 விசாவில் வந்தவர்களின் எல்-2 துணைவர்களுக்கு விசா நிலையிலேயே வேலை உரிமை அடக்கம். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவோ, டொராண்டோவிலிருந்து கனடா பாஸ்போர்ட்டில் வரும் மச்சானோ வேடிக்கை பார்க்கலாம், சம்பளம் வாங்கக் கூடாது.

கோடையில் வேலை செய்து ஊர் சுற்றிப் பார்க்க வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களுக்குத் தரும் ஜே-1 விசாவைப் பற்றியும் கேட்கிறார்கள். பிளாக் ஹில்ஸ் வட்டாரத்தில் அந்த மாணவர்களை நிறையப் பார்க்கலாம். வால் டிரக் போன்ற பெரிய சுற்றுலாக் கடைகளும் ஹோட்டல்களும் அவர்களை எடுக்கின்றன. ஆனால் ஊர் ஊராகச் சுற்றும் கடைகளிலும் சந்தைகளிலும் அவர்கள் வேலை செய்ய விதி இடம் தருவதில்லை. முக்கால்வாசி நேரம் இரவு 10 மணிக்கு மேல் போகிற வேலையும் கூடாது. ஆகவே திருவிழாத் திடலுக்குள் இருக்கும் கூடாரக் கடைகளும் இரவு பார்களும் அவர்களுக்கு ஏறக்குறைய மூடிய கதவு. அவர்கள் முழுக் கோடைக்கும் ஒரு ஹோட்டலில் சேர்ந்து, திருவிழா வாரத்தில் கூடுதல் ஷிஃப்ட் பார்ப்பதுதான் வழக்கம்.

சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகப் போனால்?

உண்மையான தொண்டு நிறுவனமோ தேவாலயமோ பள்ளிக் குழுவோ நடத்தும் கடை என்றால் பிரச்சினை இல்லை. லாபத்துக்கு நடத்தும் பாரில் "வாலண்டியர்" என்று பெயர் போட்டு, இலவச டிக்கெட்டும் சாப்பாடும் கொடுத்து வேலை வாங்கினால் அது சட்டப்படி வேலைதான். எஃப்-1 மாணவருக்கு டிக்கெட்டும் கூலிக் கணக்கில் வந்துவிடும். விலகி நில்லுங்கள்.

என்னென்ன வேலைகள் கிடைக்கும்?

முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பார்டெண்டர் வேலை. பணம் அதிகம், போட்டியும் அதிகம். பெரிய இடங்களில் ஒவ்வொரு வருடமும் அதே ஆட்கள் திரும்ப வருவார்கள். டேடோனா, ஸ்டர்ஜிஸ் என்று விழா விழாவாகப் போய்ப் பிழைப்பவர்கள் அவர்கள். முன் அனுபவம் இல்லாமல் மெயின் ஸ்ட்ரீட் பாரில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது நடக்காது. ஆனால் அதே பாரில் ஐஸ் மூட்டை தூக்க, பீர் பெட்டி இறக்க, காலி பாட்டில் அள்ள ஆள் எப்போதும் போதாது. பார்டெண்டர்கள் தங்கள் டிப்ஸில் ஒரு பங்கை இவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். முதுகு வலிக்கும், ஆனால் முதல் முறை போகிறவருக்கு இதுவே சுலபமாகக் கிடைக்கும் வாசல் என்பேன். பார் தொடர்பான எந்த வேலைக்கும் பெரும்பாலும் 21 வயது கேட்பார்கள். மது பரிமாறுவதற்கான பயிற்சிச் சான்றிதழை ஆன்லைனில் சில மணி நேரத்தில் வாங்கிவிடலாம், விண்ணப்பத்தில் அதைச் சொன்னால் மதிப்பு உண்டு.

அடுத்தது கேம்ப்கிரவுண்டுகள். ஊருக்கு வெளியே 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கும் பஃபலோ சிப் இவற்றில் பெயர்பெற்றது. இரவானால் பெரிய மேடைக் கச்சேரிகள் நடக்கும். கிளென்கோ போன்ற வேறு பெரிய கேம்ப்களும் உண்டு. வாசலில் டிக்கெட் பார்த்துக் கைப்பட்டை கட்டுவது, வயது அட்டை சரிபார்ப்பது, பைக்குகளை வரிசையில் நிறுத்த வைப்பது, குப்பை அள்ளுவது, குளியலறை கழுவுவது, மேடைக்குச் சாமான் ஏற்றுவது என்று ஒரு கேம்ப்புக்குள்ளேயே பத்து விதமான வேலை. குளியலறை வேலையை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பதால், அதற்குச் சம்மதிப்பவர்களுக்குச் சம்பளமும் தங்குமிடமும் பேசிக் கொஞ்சம் உயர்த்த முடியும்.

உணவுக் கூடாரங்கள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். நாடு முழுவதும் சந்தைகளுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும் வியாபாரிகள் இவர்கள். வறுக்க, கட்ட, காசு வாங்க ஆட்கள் வேண்டும். காசு வாங்கும் இடத்தில் நிற்பவருக்குத்தான் டிப்ஸ் ஜாடி. டி-ஷர்ட், தோல் ஜாக்கெட், பேட்ச் தைக்கும் கடைகளில் வேலை ஒப்பீட்டளவில் லேசு. நிழல் இருக்கும், பேச்சுத் திறமை வேண்டும்.

ஹோட்டல் அறை சுத்தம், துணி துவைக்கும் வேலை ஆகியவை ராப்பிட் சிட்டி, ஸ்பியர்ஃபிஷ், டெட்வுட் வரை கிடைக்கும். ஆடம்பரம் இல்லாத வேலை, ஆனால் சம்பளம் நேர்மையாக வந்துசேரும், இரவில் தூங்கலாம். நகராட்சியும் குப்பை, பார்க்கிங், போக்குவரத்துப் பணிகளுக்குத் தற்காலிக ஆட்களை எடுக்கும். மெக்கானிக் வேலை தெரிந்தவர் என்றால் நிலைமையே வேறு. அத்தனை பைக்குகளுக்கும் டயர் மாற்ற, ஆயில் மாற்ற வரிசை நிற்கும். டயர் மாற்றத் தெரிந்தவரைக் கடைக்காரர்கள் விட மாட்டார்கள்.

பைக் ஓட்டத் தெரிய வேண்டுமா?

வேண்டாம். தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம்.

எப்போது, எங்கே தேடுவது?

ஜூலையில் தேடுகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பெரிய கேம்ப்களும் பார்களும் குளிர்காலத்திலேயே விண்ணப்பம் வாங்க ஆரம்பிக்கும். மார்ச், ஏப்ரலில் நல்ல இடங்கள் போய்விடும். ஒவ்வொரு கேம்ப், பாரின் சொந்த வலைத்தளத்திலும் வேலைக்கென்று ஒரு பக்கம் இருக்கும், நேரே அங்கே போங்கள். மாநிலத் தொழிலாளர் துறை நடத்தும் எஸ்டி வொர்க்ஸ் தளத்தில் இந்த வட்டார வேலைகள் எல்லாம் வரும், பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. நகராட்சி வேலைகளுக்கு நகராட்சித் தளம்.

வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கொடு என்று கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நேர்மையான முதலாளி உங்களிடம் காசு கேட்க மாட்டார்.

எதுவும் பேசாமல் நேரே போய் நின்றால் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எந்த நாளில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருவிழா தொடங்குவதற்கு நான்கைந்து நாள் முன்பு கூடாரம் அடிக்கிறார்கள். அப்போது இரும்புக் குழாய் தூக்க, தரை பலகை போட ஆள் தேடுவார்கள். அங்கே உழைத்துக் காட்டியவரை அதே முதலாளி கடைக்குள்ளும் வைத்துக்கொள்வது உண்டு. இன்னொரு வாய்ப்பு மூன்றாம், நான்காம் நாள். வெயில் தாங்காமல், அல்லது முதல் இரண்டு இரவுகளிலேயே குடித்துக் கும்மாளமடித்துக் காணாமல் போகிற வேலையாட்கள் எந்த வருடமும் உண்டு. அந்த நாள் காலை பத்து மணிக்குச் சுத்தமான சட்டையோடு, அடையாள ஆவணங்களோடு லஸெல் ஸ்ட்ரீட்டில் கடை கடையாகக் கேட்டுப் பாருங்கள். மாலையில் கேட்டால் யாருக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கவே நேரம் இருக்காது.

இரண்டாவது வார இறுதியில் போகாதீர்கள். கூட்டம் முதல் வார இறுதியிலிருந்து புதன், வியாழன் வரை உச்சத்தில் இருக்கும், பிறகு மளமளவென்று கரையும். கடைக்காரர்கள் அப்போது ஆட்களைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள்.

சம்பளம் எவ்வளவு?

தெற்கு டகோட்டாவில் குறைந்தபட்சக் கூலி 2025-ல் மணிக்கு 11.50 டாலர். ஒவ்வொரு ஜனவரியிலும் விலைவாசிக்கு ஏற்ப உயரும். டிப்ஸ் வாங்கும் வேலைக்கு அதில் பாதி, அதாவது 2025-ல் 5.75 டாலர் கொடுத்தால் போதும். டிப்ஸையும் சேர்த்தும் முழுக் குறைந்தபட்சம் வராவிட்டால் மீதியை முதலாளி போட்டுத் தர வேண்டும். திருவிழா வாரத்தில் பலர் இதற்கு மேலேயே கொடுப்பார்கள், ஏனென்றால் ஆள் கிடைப்பதில்லை.

ஓவர்டைமில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு என்பது பொது விதி. ஆனால் வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் திறக்காத பொழுதுபோக்கு இடங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டம் இதிலிருந்து விலக்கு தருகிறது. கோடையில் மட்டும் நடக்கும் கேம்ப்கிரவுண்ட் அந்த விலக்கைக் காட்டலாம், வருடம் முழுவதும் நடக்கும் பாரோ ஹோட்டலோ காட்ட முடியாது. எழுபது மணி நேரம் வேலை செய்கிற வாரத்தில் இந்த வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. சேரும்போதே கேளுங்கள்.

டிப்ஸைப் பற்றி ஊதிப் பெருக்கிய கதைகள் நிறைய உலவும். ஒரு இரவில் ஆயிரம் டாலர் பார்த்தேன் என்று சொல்பவர் பொய் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் அவர் பத்து வருடமாக அதே கவுண்டரில் நிற்பவராக இருப்பார். அதை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

தங்குவது எங்கே?

இந்த வேலையில் லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வதே இதுதான். ஒரு கணக்குப் பாருங்கள். பத்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம், மணிக்கு 11.50 என்றால் 1,150 டாலர், அதுவும் வரிக்கு முன்னால். மோட்டல் ஓர் இரவுக்கு 200 டாலர் என்றால் பத்து இரவுக்கு 2,000. திருவிழா வாரத்தில் அறை வாடகை மற்ற நாட்களைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏறும், அதுவும் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அதனால் வேலை தேடும்போது சம்பளத்தை இரண்டாவதாகக் கேளுங்கள், படுக்க இடம் தருவார்களா என்பதை முதலில் கேளுங்கள். மணிக்கு 12 டாலரோடு கூடாரம் போட இடமும் குளியலறையும் தரும் கேம்ப், 18 டாலர் கொடுத்துவிட்டு "தங்குவது உங்கள் பாடு" என்று சொல்லும் கடையைவிட மேல்.

"இடம் தருகிறோம்" என்பதற்கும் பல அர்த்தம் இருக்கிறது. சிலர் அடுக்குப் படுக்கை போட்ட அறை தருவார்கள். சிலர் ஒரு புல்வெளியைக் காட்டி, கூடாரம் உங்களுடையது என்பார்கள். சொந்தமாக வீட்டு வண்டி வைத்து ஊர் சுற்றும் ஓய்வுபெற்ற அமெரிக்கத் தம்பதிகள் கரண்ட், தண்ணீர் இணைப்போடு வண்டி நிறுத்த இடம் பெற்று, வாரத்தில் சில மணி நேரம் வேலை பார்ப்பார்கள். அவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. எது தருகிறார்கள், சம்பளத்தில் அதற்குப் பிடித்தம் உண்டா, மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேடை பக்கத்தில் என்றால் விடியற்காலை வரை தூக்கம் கிடையாது. காதடைப்பான் ஒரு டஜன் வாங்கி வையுங்கள், தொலைந்துகொண்டே இருக்கும்.

ஊருக்குள் வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்தில் கூடாரம் போட இரவுக் கணக்கில் இடம் விடுவார்கள். சத்தம் கொஞ்சம் குறைவு, வீட்டுக் குழாயில் தண்ணீர். எனக்குத் தெரிந்து குறைந்த செலவில் தங்க இதைவிட நல்ல வழி இல்லை. ராப்பிட் சிட்டியில் தெரிந்தவர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. சவுத் டகோட்டா மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் நம் ஊர் மாணவர்கள் இருக்கிறார்கள். தூரம் சுமார் 45 கிலோமீட்டர், சாதாரண நாளில் அரை மணி நேரம். திருவிழா மாலைகளில் நெடுஞ்சாலை 90-ல் அதற்கு இரண்டு மடங்கு ஆகலாம். நள்ளிரவு ஷிஃப்ட் முடித்து வண்டி ஓட்டும்போது மான்களையும் குடித்துவிட்டு ஓட்டுபவர்களையும் சேர்த்தே எதிர்பாருங்கள்.

வேலைக்குச் சேரும்முன் வேறு என்ன கேட்க வேண்டும்?

பத்து நாளும் வேலை உறுதியா, அல்லது கூட்டம் குறைந்ததும் அனுப்பிவிடுவீர்களா? சம்பளம் எப்போது, எந்த வடிவில்? டிப்ஸ் தனித்தனியா, எல்லோருக்கும் பகிர்வா, கார்டில் வரும் டிப்ஸ் எப்போது கைக்கு வரும்? மழை வந்து கடையை மூடினால் அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? சாப்பாடு உண்டா? என் காரை எங்கே நிறுத்துவது? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். மெயின் ஸ்ட்ரீட்டில் கார்களுக்கே இடமில்லை, நடுவிலும் இருபக்கமும் பைக்குகள்தான் நிற்கும். பார்க்கிங்குக்கு நாள்தோறும் இருபது டாலர் போனால் டிப்ஸ் அங்கேயே கரைந்துவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு கூடாரத்தின் முதலாளி கடைசி நாள் சம்பளத்தை அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று சொல்லி வண்டியைக் கட்டிக்கொண்டு போனார். அனுப்பினார், இரண்டு மாதம் கழித்து, பல போன்களுக்குப் பிறகு. முதலாளியின் பெயர், நிறுவனப் பெயர், வண்டி எண், உங்கள் வேலை நேரம் எல்லாவற்றையும் தினமும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் மாநிலத் தொழிலாளர் துறையில் சம்பளப் புகார் கொடுக்கலாம், அங்கே இந்தக் குறிப்புதான் பேசும்.

என்ன ஆவணங்கள் வேண்டும்? வரி எப்படி?

முறையான முதலாளி என்றால், வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் நிரப்பச் சொல்வார். அமெரிக்க பாஸ்போர்ட் அல்லது கிரீன் கார்டு, இல்லையென்றால் ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும். சேர்ந்த மூன்று வேலை நாட்களுக்குள் அசல் காட்ட வேண்டும். நகல் செல்லாது, ஆகவே அசலைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தெற்கு டகோட்டாவில் மாநில வருமான வரி கிடையாது. உங்கள் சொந்த மாநிலத்தில் அந்த வரி இருந்தால் அங்கே இந்த வருமானத்தையும் காட்ட வேண்டும். சில கடைக்காரர்கள் உங்களைப் பணியாளராகச் சேர்க்காமல் ஒப்பந்தக்காரராகக் காட்டி, 1099 என்ற வருமானப் படிவம் கொடுப்பார்கள். அப்போது சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகளில் முதலாளியின் பங்கும் உங்கள் தலையில் விழுந்து 15.3 சதவீதம் ஆகிவிடும். அவர் சொன்ன நேரத்தில், அவர் கடையில், அவர் சட்டையைப் போட்டு நிற்பவர் ஒப்பந்தக்காரர் அல்ல. பணியாளருக்கான டபிள்யூ-2 படிவம் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். டிப்ஸும் வருமானம்தான், 2025 முதல் 2028 வரை வருடத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்குக் கூட்டாட்சி வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் கணக்கில் காட்டினால்தான் கழிவு.

வெயில் எப்படி இருக்கும்?

மதுரைக்காரருக்கு வெயில் புதிதல்ல, ஆனால் காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை தெரியாது, தாகமும் தெரியாது. பகலில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால் தோல் சீக்கிரம் கருகும். மாலையில் திடீரென்று இடியும் ஆலங்கட்டியும் கொட்டும். எலுமிச்சை அளவுக் கட்டிகள் விழுந்து பைக் டாங்குகள் நசுங்கிய வருடங்கள் உண்டு. இரவில் குளிரும். நல்ல ஷூ, தொப்பி, ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு.

பாதுகாப்பாக இருக்குமா? பெண்கள் போகலாமா? நம்மைப் போன்றவர்களை எப்படி நடத்துவார்கள்?

வருகிறவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய வெள்ளை அமெரிக்கர்கள், பகலில் மலைப்பாதையில் ஓட்டிவிட்டு இரவில் பாட்டுக் கேட்க வருகிறவர்கள். அரசியல் கொடிகளும் வம்பான வாசகம் போட்ட டி-ஷர்ட்டுகளும் நிறையக் கண்ணில் படும், பதில் சொல்லப் போகாதீர்கள். என் அனுபவத்தில் நேரில் பேசும்போது பெரும்பாலும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டுச் சென்னை என்று சொன்னால், பைக் ஆசாமிகளில் சிலர் உடனே ராயல் என்ஃபீல்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள், டிப்ஸும் கொஞ்சம் கூடும். தொல்லை வருவது நள்ளிரவுக்குப் பிறகு, குடித்தவர்களால். அது நிறம் பார்த்து வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் வாக்குவாதத்தில் இறங்காமல் செக்யூரிட்டியைக் கூப்பிடுவதே வழி.

பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். சில பார்களில் உடை என்பதே வியாபாரத்தின் பாகம். பிகினியில் பீர் விற்கச் சொல்வார்கள். சீருடை என்ன என்று முன்பே படம் கேட்டு வாங்குங்கள், பிடிக்காவிட்டால் அங்கே போய் மறுப்பதைவிட இங்கேயே மறுப்பது எளிது. இரண்டு பேராகப் போவது, ஷிஃப்ட் முடிந்ததும் துணையோடு நடப்பது, போன் சிக்னல் கூட்டத்தில் திணறும் என்பதால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வைப்பது ஆகியவை போதும்.

கிளப் பேட்ச் தைத்த ஜாக்கெட் போட்டவர்களைப் படம் எடுக்காதீர்கள், அவர்கள் கிளப்பைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். சில பார்கள் அந்த ஜாக்கெட்டோடு உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்திருக்கும். அதைச் சொல்லித் தடுப்பது செக்யூரிட்டியின் வேலை, உங்களுடையது அல்ல. அப்புறம், எவருடைய பைக்கிலும் சாயாதீர்கள், உட்காராதீர்கள், பையை வைக்காதீர்கள். பார்க்கிங்கில் நிற்பவர்கள் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கும் சின்னத் தகடு நாலைந்து பையில் வைத்திருங்கள். ஆகஸ்ட் வெயிலில் தார் இளகி ஸ்டாண்டு உள்ளே இறங்கும், முந்நூறு கிலோ வண்டி ஒன்று சாய்ந்தால் வரிசையே சரியும். தகடு நீட்டுகிற கைக்கு நன்றியும் டாலரும் வரும்.

நான் சைவம். மாட்டிறைச்சி தொட மாட்டேன். சமாளிக்க முடியுமா?

சாப்பிடுவதில் சிரமப்படுவீர்கள். உருளைக்கிழங்கு, சோளம், ரொட்டி, சீஸ் இவற்றிலேயே ஓட்ட வேண்டியிருக்கும். ராப்பிட் சிட்டியில் அரிசியும் பருப்பும் வாங்கிச் சின்ன அடுப்பு வைத்துக்கொள்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். கேம்ப்பில் அடுப்பு அனுமதியா என்று கேளுங்கள், காட்டுத்தீ ஆபத்து உள்ள வருடங்களில் தடை இருக்கும். வேலையைப் பொறுத்தவரை, உணவுக் கூடாரத்தில் சேர்ந்துவிட்டு பர்கர் தொட மாட்டேன் என்று சொன்னால் நியாயமில்லை. லெமனேட் கடை, டி-ஷர்ட் கடை, வாசல் டிக்கெட் என்று தேடுங்கள்.

நாமே ஒரு ஸ்டால் போட்டால் என்ன? சமோசா, பிரியாணி?

ஆசை நல்லதுதான், ஆனால் இது வேலை தேடுவது இல்லை, வியாபாரம். நகராட்சியின் தற்காலிக உரிமம், உணவுக்குச் சுகாதார அனுமதி, விற்பனை வரிப் பதிவு மூன்றும் வேண்டும். மாநில விற்பனை வரி 4.2 சதவீதம், அதற்கு மேல் நகர வரி. இடத்துக்கு வாடகை தனி, நல்ல முனைகள் வருடக்கணக்காக அதே ஆட்களிடம் இருக்கும். ஒரு வருடம் இன்னொருவர் கடையில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓய்வு கிடைத்தால் என்ன பார்க்கலாம்?

ஊருக்கு வடகிழக்கே தனியாக நிற்கும் பேர் பியூட் மலைக்குப் போகலாம். லகோட்டா, செயென் பூர்வகுடி மக்களுக்கு அது கோயில். மரங்களில் கட்டிய பிரார்த்தனைத் துணிகளைத் தொடக்கூடாது, படமும் எடுக்கக்கூடாது. தங்கள் புனித மலைக்கு இவ்வளவு பக்கத்தில் பார்களும் கச்சேரிகளும் வந்ததை அவர்கள் பல வருடமாக எதிர்த்து வருகிறார்கள். திருவிழாவில் சம்பாதிக்கப் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அடுத்த வருடமும் கூப்பிடுவார்களா?

கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பும்போது கூடாரம் பிரிக்க நிற்பவரை முதலாளி மறக்க மாட்டார். இரண்டு மூன்று நாள் கூடுதல் கூலியும் கிடைக்கும், அதற்குள் மோட்டல் வாடகையும் இறங்கிவிடும். போகும்முன் அடுத்த வருடத்துக்கு யாரிடம், எந்த மாதம் பேச வேண்டும் என்று கேட்டு எண் வாங்கிக்கொள்ளுங்கள். நிலையான தபால் முகவரி ஒன்றையும் கொடுத்துவிட்டு வாருங்கள். டபிள்யூ-2 படிவத்தை ஜனவரி 31-க்குள் அனுப்புவார்கள். நீங்கள் அதற்குள் வீடு மாறியிருந்தால் அது பழைய அறைத்தோழரின் மேசையில் கிடக்கும்.